நீ கொடுத்த வாக்கும் நான் எழுதும் காதல் கதையும்

தம்பி,

சிங்கப்பூரிலிருந்து நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய அறிவிப்பு வந்து சேர்ந்தது. "அன்பு வாசகர்களே, குடும்பப் பொறுப்புகள் காரணமாக இந்தக் கதையோடு என் எழுத்துப் பயணத்தை நிறைவு செய்கிறேன். இதுவரை தந்த ஆதரவுக்கு நன்றி." என் கதை ஒன்றைக்கூடப் படித்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறவன், என் பெயரில் எனக்கே ஓய்வு கொடுத்து எழுதிவிட்டாய். நான் கதை போடும் இணையதளத்தில் அதைப் போட்டதும் ஒரு வார்த்தை சொல்லச் சொன்னாய். போடவில்லை. அது வரவேண்டிய இடத்தில் இந்தக் கடிதம் வருகிறது. வெள்ளிக்கிழமை காலையில் அத்தியாயம் வந்துவிட்டதா என்று திறந்து பார்க்கும் என் வாசகிகள் முதலில் கோபப்படுவார்கள், அப்புறம் படிப்பார்கள். அவர்களுக்கு என் பெயரில் விடை கொடுக்கப் பார்த்தவன் நீ. அதனால் பதிலையும் அவர்கள் முன்னால் சொல்வதுதான் முறை. உன் கல்யாண விஷயம் இதில் வரும். வருங்கால மருமகளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அவளை அபிராமி என்று அழைக்கப் போகிறேன், அது அவளே தேர்ந்தெடுத்துக் கொடுத்த பெயர். உன்னிடம் கேட்கவில்லை. நீயும் என்னிடம் கேட்கவில்லை அல்லவா, கணக்கு சரியாகிவிட்டது.

உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் புதிதாக வந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நான் திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் நெல் விவசாயம் செய்யும் வீட்டுப் பெண். காதல் கதை எழுதுகிறேன். 'குடும்ப நாவல்' என்று நான் சொல்வதில்லை, 'சமூகக் கருத்துள்ள கதை' என்று மழுப்புவதும் இல்லை. இருபது வயதுக்கு முன்னும் பின்னும் உள்ள பெண்கள் படிக்கிற காதல் கதை. வாரம் ஓர் அத்தியாயமாக இணையத்தில் வரும், முடிந்தபின் புத்தகமாகும். சொந்தக்காரர்கள் வீட்டில் யாராவது கேட்டால் நீ, 'அம்மா சும்மா டைம்பாஸுக்கு ஏதோ எழுதுவாங்க' என்பாய். நானும் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பேன்.

இதை நான் எப்படித் தொடங்கினேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. நீ ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த வருஷம், குறுவை அறுத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு எடை போடும் முறைக்காகக் காத்துக்கிடந்தோம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. உன் அப்பா சம்பா நடவைப் பார்க்க வயலுக்குப் போய்விட்டார், நெல்லுக்குக் காவல் நான். தூறல் விழுந்தால் தார்ப்பாயை இழுத்து மூட வேண்டும், வெயில் தலைகாட்டினால் விலக்கிக் காயவைக்க வேண்டும், ஈரம் அதிகம் என்று திருப்பிவிட்டால் என்ன செய்வது என்று நடுநடுவே பயப்படவும் வேண்டும். அந்த இடைவெளிகளில் போனில் ஒரு தொடர்கதை படிக்கத் தொடங்கினேன். அதில் நாயகன் நாயகியைக் கன்னத்தில் அறைகிறான். அவள் அழுதுவிட்டு, அந்த அறையில்தான் அவன் அன்பு தெரிந்தது என்கிறாள். எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறிவிட்டது. கீழே கருத்துப் பகுதியில் திட்டி எழுத ஆரம்பித்தேன். எழுத எழுத நீண்டுகொண்டே போனது. கடைசியில் பார்த்தால் அவள் அறைவாங்கிய கையோடு பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டிருந்தாள், பக்கத்து சீட்டில் வேறொருவன் உட்கார்ந்திருந்தான். திட்டாக ஆரம்பித்ததுதான் என் முதல் கதையானது.

அந்தப் பக்கத்து சீட்டுக்காரனை நான் சென்னையின் பெரிய தொழிலதிபர் ஆக்கினேன், பஸ்ஸில் ஏன் வந்தான் என்று யாரும் கேட்கவில்லை. அவனுக்கு ஊட்டியில் ஒரு பங்களாவும் கொடுத்தேன். நான் ஊட்டியைப் பார்த்ததே இல்லை. ஓர் அத்தியாயத்தில் அவன் மாடி ஜன்னலோரம் நிற்கிறான், அவள் மெல்ல வந்து பக்கத்தில் நிற்கிறாள், வானம் கறுக்கிறது. அவன் அவளைப் பார்க்காமல் மேகத்தைப் பார்த்து முகம் வாடிப்போகிறான். அன்று வந்த கருத்துகளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. 'அக்கா, கோடீஸ்வரனுக்கு மழைன்னா குஷிதானே வரணும், இவரு ஏன் நெல்லு காயப்போட்டவரு மாதிரி பதறுறாரு' என்று ஒருத்தி கேட்டிருந்தாள். தார்ப்பாய் மேல் உட்கார்ந்து எழுதினால் கோடீஸ்வரனுக்கும் நெல்லுக் கவலைதான் வரும். அதற்கப்புறம் ஊட்டியை விட்டுவிட்டேன். அடுத்த கதையில் மன்னார்குடிக்குக் காலேஜ் பஸ் பிடிக்கும் பெண் வந்தாள், முறைத்தண்ணீருக்காக வாய்க்கால் மதகில் சண்டை போடும் பையன் வந்தான். பிளஸ் டூ படிக்கும் பெண்களும் காலேஜ் பெண்களும் அப்போதுதான் என்னைத் தேடி வர ஆரம்பித்தார்கள். இன்றுவரை அவர்களுக்குத்தான் எழுதுகிறேன்.

உன் அப்பா ஒரு வரியும் படிக்கமாட்டார். ஆனால் கதையில் யார் யார் என்ன நிலையில் இருக்கிறார்கள் என்று அவருக்கு அத்துப்படி, சாப்பிடும்போது கேட்டுக்கொள்வார். "அந்த மதகுக்காரப் பையன் என்ன ஆனான்? பொண்ணோட அப்பன் இன்னும் முறுக்கிக்கிட்டுதான் இருக்கானா?" என்பார். கரண்ட் இல்லாத நாளில் டிராக்டர் பேட்டரியில் என் போனுக்குச் சார்ஜ் போட்டுக் கொடுத்ததும் அவர்தான். பாராட்டு என்று தனியாக எதுவும் சொன்னதில்லை, அவருக்கு வராது.

உனக்கு என் எழுத்து முள்ளாகக் குத்த ஆரம்பித்தது திருச்சியில் ஹாஸ்டலில் இருந்தபோது. உன் நண்பன் ஒருவன் என் அத்தியாயத்தை எங்கிருந்தோ பிடித்து, அதில் வரும் முத்தத்தை மெஸ்ஸில் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டு வாசித்துவிட்டான். நீ லீவுக்கு வந்தபோது என்னோடு பேசவில்லை. விஷயத்தைக் கறந்து எடுப்பதற்குள் லீவே முடிந்துவிட்டது. போகும்போது பையை மாட்டிக்கொண்டு, 'வேற ஏதாவது எழுதேம்மா, சமையல் குறிப்பு மாதிரி' என்றாய். நான் சிரித்துவிட்டேன். உனக்கு வலித்தது எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு பையனை அவன் அம்மாவை வைத்துக் கேலி செய்வது கேவலம், அந்தக் கேவலம் கேலி செய்தவனுடையது. அதைச் சரிசெய்ய வேண்டியவள் நான் என்று நீ நினைத்தாய் பார், அங்கேதான் நமக்குள் கோணல் விழுந்தது. அதற்கு அடுத்த வாரம் நான் இன்னொரு முத்தம் எழுதினேன். கதைக்கு அது தேவைப்பட்டது.

செல்வியை உனக்குத் தெரியும். முத்துப்பேட்டைப் பக்கமிருந்து மொபெட்டில் மீன் கொண்டுவருகிறவள், வீட்டுக்காரர் படகுக்குப் போகிறவர். அவள் மகள் என் கதைகளைச் சத்தமாகப் படிக்க, இவள் வலையில் சிக்கெடுத்துக்கொண்டே கேட்பாளாம். ஒருநாள் வாசலில் உட்கார்ந்து வாளை மீன் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்திவிட்டு, நடந்துகொண்டிருந்த கதையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அதில் ஒருவன் நாயகியைக் கட்டினால் கட்டுவேன், இல்லையென்றால் செத்துப்போவேன் என்று பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தான். வாசகிகளுக்கு அவன்மேல் உயிர். எப்போது கல்யாணம், எப்போது கல்யாணம் என்று என்னைத் துளைத்தெடுத்தார்கள். நானும் முகூர்த்தத்துக்கு நாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"அவனுக்குக் கட்டி வச்சிடாதீங்கக்கா," என்றாள் செல்வி. "எம் மவ பின்னாடியும் ஒருத்தன் இப்படித்தான் பூச்சிமருந்து பாட்டில வச்சிக்கிட்டு சுத்துறான். அவ உங்க கதையப் பாத்துட்டு இருக்கா. அந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லட்டும்."

சொல்ல வைத்தேன். அவன் சாகவில்லை, மெடிக்கல் ஷாப் வைத்துப் பிழைத்துப்போனான். வாசகிகள் பாதிப்பேர் என்னைச் சபித்தார்கள், காதல் கதை என்று கூப்பிட்டு ஏமாற்றிவிட்டாய் என்றார்கள். சிலர் இன்னும் திரும்பி வரவில்லை. அந்தப் பெண் வேண்டாம் என்றதும் காதல் கதைதான் என்று நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். இந்த ஊரில் பெண் பிள்ளைகளுக்குக் காதலைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. பிடித்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, பிடிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது, கேட்டுவிட்டுத் தொடுகிறவன் எப்படி இருப்பான் என்று அவர்கள் எங்கே போய்த் தெரிந்துகொள்வார்கள்? என்னிடம் வருகிறார்கள். இதற்கு நான் வெட்கப்பட வேண்டுமென்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று எனக்குப் புரியவில்லை. நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

இப்போது உன் கதைக்கு வருகிறேன். போன பொங்கலுக்கு நீ வந்திருந்தாய். பிடித்த நண்டுக்குழம்பை முன்னால் வைத்தால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறாய். போன் அடித்தால் கொல்லைப்பக்கம் ஓடுகிறாய், திரும்பி வரும்போது காது சிவந்திருக்கிறது. இதே காட்சியை நான் எத்தனை கதையில் எழுதியிருப்பேன். யாருடா தம்பி அது என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு, கூட வேலை பார்க்கிறவள் என்றாய், பட்டுக்கோட்டை என்றாய். அப்புறம் ரொம்ப நேரம் கழித்து, 'வேற ஆளுங்கம்மா' என்றாய். பிடித்திருக்கிறது என்ற வார்த்தைகூட உன் வாயில் வரவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவள் அதையே தொழிலாக வைத்திருப்பவள் என்பதால் நீ பிழைத்தாய்.

பெரியப்பா வந்து நடுவீட்டில் உட்கார்ந்து கத்தியது உனக்கு ஞாபகம் இருக்கும். உன் அப்பாவுக்கு அண்ணன் முன்னால் நாக்கு எழாது, தலையைக் குனிந்துகொண்டார். நீ உள்ளறையில் கதவோரம் நின்றாய். பெரியப்பா உன்னைத் திட்டவில்லை, என்னைத்தான் திட்டினார். "இவ காதல் கதை எழுதி எழுதித்தான் வீடு இப்படிப் போச்சு," என்றார். நான் சமையல்கட்டிலிருந்து வெளியே வந்து அவருக்கு எதிரே நின்றேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் முன்னால் நான் நின்று பேசியதில்லை. "ஆமாங்க மாமா, எழுதுறேன்," என்றேன். "ஊரு பிள்ளைகளுக்கெல்லாம் எழுதிட்டு எம் பிள்ளைக்கு மட்டும் இல்லேன்னு சொன்னா, நான் எழுதினதெல்லாம் பொய்யாயிடும். அவன் அந்தப் பொண்ண விரும்புறான். கட்டிக்கிடட்டும்." விரும்புகிறான் என்ற சொல்லை நம் வீட்டு நடுக்கூடத்தில் அன்றைக்குத்தான் ஒருவர் சத்தமாகச் சொன்னது. உனக்காக நான் சொன்னேன். பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு போனார், ஒரு மாதம் கழித்துத் தானாக வந்து பரிசத்துக்கு எந்தக் கார் என்று கேட்டார்.

வைகாசியில் பட்டுக்கோட்டையில் பரிசம் போட்டோம். நீ திரும்பிப் போன பிறகு போன் செய்தாய். அவர்கள் வீட்டில் சங்கடப்படுகிறார்கள் என்றாய், தென்னந்தோப்பும் தேங்காய் மண்டியுமாகக் கௌரவமாக வாழ்கிற குடும்பம், நாலு பேர் வந்து போகிற இடம் என்றாய். அபிராமியின் அப்பாவிடம், அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லிவிட்டேன், நீயும் அதன்படி நடந்துகொள் என்றாய். நான் போனை வைத்தேன். சில நாள் நடந்துகொண்டிருக்கும் கதையைத் திறக்கவே இல்லை. ஒரு பெண்ணின் கல்யாணம் என்னால் நின்றுபோகக்கூடாதே என்று உண்மையாகவே யோசித்தேன். எழுதாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று பழகிப்பார்த்தேன். பல்லைப் பிடுங்கிய இடத்தில் நாக்கு போய்ப்போய் வருகிற மாதிரி இருந்தது. அப்போதுதான் உன் நாலு வரி அறிவிப்பு வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தப் புடவை எடுப்பது பற்றிப் பேச அவர்கள் வீட்டுக்குப் போனோம். இளநீர் கொடுத்தார்கள். சம்பந்தியம்மா புடவை நிறத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நான் நேராக அபிராமியின் அப்பாவிடம் கேட்டுவிட்டேன், என் எழுத்தால் உங்களுக்கு என்ன சங்கடம் என்று. மனிதர் திகைத்துப்போய்த் தன் மனைவியைப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் சொல்லலீங்களே," என்றார். "உங்கம்மா ஏதோ எழுதுறாங்களாமே, என்ன எழுதுறாங்கன்னுதான் மாப்பிள்ளைகிட்ட கேட்டேன். அவருதான், அதெல்லாம் விட்டாச்சு மாமான்னாரு. நானும் சரின்னு விட்டுட்டேன்."

வண்டியில் திரும்பி வரும்போதுதான் எனக்குப் புரிந்தது. என்னை நிறுத்தச் சொன்னது தேங்காய் மண்டியும் இல்லை, கௌரவமும் இல்லை. என்ன எழுதுகிறார்கள் என்று ஒரு மனிதர் கேட்டிருக்கிறார், 'காதல் கதை' என்று சொல்ல உனக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தைத் தாண்டுவதைவிட என் தொழிலைத் தூக்கிப் போடுவது உனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. எனக்கு வலித்தது தம்பி. பெரியப்பா திட்டியபோதுகூட இவ்வளவு வலிக்கவில்லை.

மறுநாள் அபிராமியே போன் செய்தாள், அவள் அப்பா சொல்லியிருப்பார். வாசகிகளே, நீங்கள் எதிர்பார்ப்பது போல அவள் என் ரசிகை எல்லாம் இல்லை. "நான் உங்க கதை படிச்சதில்ல அத்தை. எனக்கு லவ் ஸ்டோரி பிடிக்காது, பேய்க்கதைதான் படிப்பேன்," என்றாள். "ஆனா என்கிட்டகூடக் கேக்காம எங்க வீட்டு மேல பழியப் போட்டிருக்காரே, அத நான் கேப்பேன்." கேள் என்றேன். அவளை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

உன் படிப்பை என் கதைப் பணத்தில் படித்தாய் என்று நான் சொல்லிக்காட்டப் போவதில்லை. நீ நெல்லில் படித்தாய், அதுதான் உண்மை. என் எழுத்து யாருக்கோ பயன்பட்டதால்தான் அது இருக்கலாம் என்று அனுமதி கேட்கும் எண்ணமும் எனக்கு இல்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, எழுதுகிறேன். கை ஓயும்வரை எழுதுவேன். பேரன் பேத்தி பிறந்த பிறகும் முத்தம் வரும் இடத்தில் முத்தம் வரும். உனக்குக் கல்யாணப் புத்தி சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டு என்பதால் ஒன்றை மட்டும் சொல்லிவைக்கிறேன். என் பெயரில் எனக்குத் தெரியாமல் வாக்குக் கொடுத்தாய், நான் அம்மா, கடிதம் எழுதித் தீர்த்துக்கொள்கிறேன். நாளைக்கு அபிராமியின் பெயரில் இப்படிச் செய்துவிடாதே. அவள் வேலையை விடுவாள், இந்த ஊருக்கு வருவாள், அதைச் செய்வாள், இதைச் செய்யமாட்டாள் என்று யாரிடமாவது நீ தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அவளுக்கு அறிவிப்பு எழுதிக்கொடுக்காதே. அவள் கடிதமெல்லாம் எழுதிக்கொண்டிருக்க மாட்டாள்.

நேற்று அப்பாவும் நானும் திருத்துறைப்பூண்டி அச்சகத்துக்குப் போய்ப் பத்திரிகை புரூஃப் பார்த்தோம். நீ மெயிலில் அனுப்பியபடியே அடித்து வைத்திருந்தார்கள். உன் பெயருக்குக் கீழே படிப்பும் சிங்கப்பூர் வேலையும், பெரியப்பா பெயருக்குக் கீழே ரிட்டயர்டு உத்தியோகம், அப்பா பெயருக்குக் கீழே விவசாயம். சித்தப்பா மாப்பிள்ளைக்குக்கூட ஏதோ ஒரு சங்கத்தின் துணைச் செயலாளர் என்று இருந்தது. என் பெயருக்குக் கீழே வெள்ளைத் தாள். அச்சகத்துப் பையனிடம் பேனாவைக் கேட்டு, அந்த இடத்தில் 'காதல் நாவலாசிரியை' என்று எழுதினேன். அவன் தயங்கி அப்பாவைப் பார்த்தான், மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா என்றான்.

"எனக்குத் தொழில் போட்டிருக்குல்ல," என்றார் அப்பா. "அவங்களுக்கு அவங்க தொழிலப் போடுங்க."

அச்சுக்குப் போய்விட்டது தம்பி, இனி மாற்ற முடியாது. நீ ஆவணி பிறந்ததும் லீவு போட்டு வருகிறாய். வந்ததும் வெற்றிலைத் தட்டில் பத்திரிகை வைத்துக்கொண்டு வீடுவீடாகப் போகவேண்டும், முறைப்படி உன் கையால்தான் கொடுக்க வேண்டும். முதலில் பெரியப்பா வீடு, அப்புறம் சொந்தங்கள், உன் திருச்சி நண்பர்கள், மெஸ்ஸில் வாசித்தவன் உட்பட. ஒவ்வொருவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படிப்பார்கள், உனக்குத் தெரியாததா. என் பெயரில் வந்து நிற்பார்கள். அம்மா என்ன எழுதுகிறார்கள் என்று கேட்பார்கள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு உன் பக்கத்தில்தான் நிற்பேன். போன தடவை நடுவீட்டில் உனக்காக நான் வாய் திறந்தேன். இந்தத் தடவை திறக்கமாட்டேன். நீயே சொல்.

அம்மா